கடைக்காரர் சொல்லாமலே கொடுக்கும் வாக்கு

போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. வருஷத்துக்குத் தேவையான துவரம்பருப்பை வாங்கப் போகிறீர்கள். கடைக்காரர் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் போட்டுக் காட்டுகிறார். முத்து முத்தாக இருக்கிறது. வீட்டுக்கு வந்து மூட்டையைப் பிரித்தால் அடியில் பாதிக்கு மேல் வண்டு! மறுவாரம் போய்க் கேட்டால், "பாத்துத்தானேம்மா வாங்குனீங்க? நான் என்ன கேரண்டியா குடுத்தேன்?" என்கிறார்.

கொடுத்துத்தான் இருக்கிறார், சகோதரிகளே! அவர் வாய் திறக்காவிட்டாலும் சட்டம் அவருக்காக வாக்குக் கொடுத்துவிடுகிறது. 1930-ம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. மாதிரி காட்டி விற்றால் மூட்டை முழுவதும் அந்த மாதிரியைப் போலவே இருக்க வேண்டும் என்கிறது அதன் 17-வது பிரிவு. பெயர் சொல்லி விற்றால், சொன்ன பொருளாகவே இருக்க வேண்டும். போச்சம்பள்ளிப் பட்டு என்று ஒன்று உண்டல்லவா? (அது இந்த ஊர் அல்ல, தெலங்கானாவில் இருக்கும் போச்சம்பள்ளி.) நூலிலேயே கட்டிச் சாயம் தோய்த்து நெய்வது அது. அந்தப் பெயரைச் சொல்லி, மேலே அச்சடித்த புடவையைத் தலையில் கட்டினால் நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் பெரியது 16-வது பிரிவு. நம் சட்டத்துக்கு முன்மாதிரியாக இருந்தது இங்கிலாந்தின் 1893-ம் வருஷத்துச் சட்டம். அதன்கீழ் 1905-ல் அங்கே ஒரு வழக்கு தீர்ப்பானது. ஒரு குடும்பத்துக்குப் பால் கொடுத்து வந்தது அயில்ஸ்பரி பால் கம்பெனி. அந்தப் பாலில் டைபாய்டு கிருமி. பாலைக் குடித்த இல்லத்தரசி காய்ச்சல் கண்டு இறந்தே போனார். எத்தனை கவனமாக இருந்தாலும் கிருமியைக் கண்டுபிடித்திருக்க முடியாது என்று வாதாடியது கம்பெனி. கோர்ட் ஏற்கவில்லை. குடிப்பதற்கென்று தெரிந்து விற்ற பால், குடிக்கத் தகுந்ததாக இல்லை. கம்பெனியின் கவனக்குறைவைக் கணவர் நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று.

ஆனால் இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. "அந்தக் கம்பெனி எண்ணெய் ஒண்ணு குடுங்க" என்று நீங்களே பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினால், அது உங்கள் காரியத்துக்கு உதவுமா என்ற பொறுப்பு கடைக்காரரிடமிருந்து கழன்றுவிடக்கூடும். (கெட்டுப்போன சரக்கென்றால் அப்போதும் அவர்தான் பொறுப்பு.) "மூணு மாசக் குழந்தைக்குத் தேய்க்கணும், நீங்களே பார்த்துக் குடுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பொறுப்பு அவர் பக்கம் வந்துவிடும். இன்னொன்று: பிரித்துப் பார்த்து வாங்கினால், கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு சண்டை போட முடியாது.

சந்தையில் பில் ஏது என்பீர்கள். வாஸ்தவம்தான். அடுத்த வாரமும் அதே இடத்தில் கடை போட வேண்டியவர் என்பதால், பக்குவமாகக் கேட்டால் மாற்றித் தருவார். மிக்ஸி, குக்கர் வாங்கும் கடையில் மட்டும் பில்லை விடாதீர்கள். 'விற்ற சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்ற பலகையைக் கண்டு பயப்படவும் வேண்டாம். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் கண்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வியாபாரம்.

அப்படியும் மசியவில்லையா? 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பெங்களூரில் வாங்கியிருந்தாலும் பஸ் ஏறி அங்கே போக வேண்டாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம்.