விளக்குக்கு ஒரு குடை

கடந்த வைகாசியில் தியாகராய நகரில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம். இருட்டிய பிறகு சாஸ்திரிகள் மணமக்களை மண்டபத்து வாசலுக்கு அழைத்து வந்தார், அருந்ததி பார்க்க. வடக்கே கை நீட்டி, "அதோ சப்தரிஷி மண்டலம். வால் நுனியிலேருந்து ரெண்டாவது வசிஷ்டர். அவர் பக்கத்திலே பொடியா அருந்ததி. தெரியறதா?" என்றார். பெண் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தாள். மண்டப முகப்பில் சீரியல் பல்புகள், எதிர்க் கடையின் மேல் மாடியை மறைத்த வெளிச்சப் பலகை, அதற்கும் மேலே சாம்பல் பூத்த வெள்ளைப் படலம். "தெரியறது மாமா" என்றாள். பிறகு என் காதோடு, "ஒண்ணுமே தெரியலை சித்தி" என்றாள்.

அக்கினி சாட்சியாக உண்மை பேசுவதாக உறுதி சொன்ன கையோடு அவளை ஒரு பொய் சொல்ல வைத்துவிட்டோம். அந்தப் பொய்யில் என் வீட்டு வாசல் விளக்குக்கும் பங்குண்டு என்பதால் இதை எழுதுகிறேன்.

அந்த மண்டபத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது நுங்கம்பாக்கம். கிழக்கிந்தியக் கம்பெனி 1792இல் அங்கே ஒரு வானாய்வுக்கூடம் கட்டியது. இன்றைய வானிலை ஆய்வு மைய வளாகத்தில், தமிழ் உட்படப் பல மொழிகளில் எழுத்துப் பொறித்த அதன் கருங்கல் தூண் இன்னும் நிற்கிறது. 11,015 விண்மீன்களின் இடத்தைக் குறித்த, வானியலாளர் டெய்லரின் பட்டியல் உருவானது அங்கேதான். 1861இல் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஏசியா' என்று பெயரிட்டார். 1867இல் சிந்தாமணி ரகுநாதாச்சாரி ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். மெட்ராஸ் நகரத்தின் நடுவில் உட்கார்ந்து வானத்தைப் படித்திருக்கிறார்கள்.

அந்தக் கூடத்தின் வாரிசுதான் இன்றைய இந்திய வான் இயற்பியல் நிறுவனம். தெளிந்த வானம் தேடி அது 1899இல் கொடைக்கானல் மலை ஏறியது. 1960களில் ஜவ்வாது மலையின் காவலூருக்குப் போனது. 2000இல் லடாக்கின் ஹான்லேயில், கடல்மட்டத்துக்கு 4,500 மீட்டர் உயரத்துக் குளிர்ப் பாலைவனத்தில் தொலைநோக்கி நிறுவியது. சென்னையில் பிறந்த ஒரு நிறுவனம் நல்ல இரவு வேண்டி இமயத்துக்கு அப்பால்வரை நடந்திருக்கிறது.

இன்று இரவு வானத்தைப் படமெடுக்கும் நம்மூர் இளைஞர்களும் அதே வழியில்தான் போகிறார்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஹான்லேயில் கேமராவை முக்காலியில் நிறுத்தி, இருபது விநாடி திறந்து வைத்தால் பால்வீதி முழுதாக வந்து விழும். பெசன்ட் நகர் கடற்கரையில் அதே இருபது விநாடிக்குப் படம் வெளுத்துப் போகிறது.

ஆள் நடமாட்டமே இல்லாததால் ஹான்லே இருட்டாக இருக்கிறது என்று நினைப்போம். அங்கேயும் வீடுகள் உண்டு, பள்ளிக்கூடம் உண்டு, பள்ளத்தாக்கில் வண்டிகள் ஓடுகின்றன. 2022 டிசம்பரில் 1,073 சதுர கிலோமீட்டர் நிலம் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைக் காப்பாற்றுவது கிராமத்து மக்கள். சன்னலுக்குக் கனத்த திரை போடுகிறார்கள், தெருவிளக்கைக் கீழ்நோக்கித் திருப்புகிறார்கள், ராத்திரியில் வண்டியின் ஹைபீமைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களும் ஆண்களும் தொலைநோக்கி வைத்து விருந்தினருக்கு வானத்தைக் காட்டுகிறார்கள். ஊரே பேசி ஒத்துக்கொண்டதால் நிற்கும் இருட்டு அது. மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு 2024இல் கிடைத்த இருள்வானப் பூங்கா அங்கீகாரத்தின் பின்னாலும் இப்படி விளக்குகளை மாற்றிய வேலை இருக்கிறது.

வார இறுதியில் ஜவ்வாது மலைக்கும் கொல்லிமலைக்கும் கூடாரம் தூக்கிக்கொண்டு போகும் நமக்கும் இதில் கடமை உண்டு. கண் இருட்டுக்கு நன்றாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். ஒரே ஒரு கார் ஹெட்லைட், ஒரு செல்போன் டார்ச் போதும், அத்தனை பேரின் கண்ணும் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். டார்ச்சுக்குச் சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றுவது பக்கத்தில் இருப்பவருக்குச் செய்யும் மரியாதை.

அந்த மரியாதையை ஊர் திரும்பும்போது மலையிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அதற்கு விலை கொடுப்பவை வாயில்லா உயிர்கள். தை, மாசி மாதங்களில் நம் கரைக்கு வந்து முட்டையிடும் பங்குனி ஆமையின் குஞ்சு மணலிலிருந்து எழுந்ததும் ஒரே ஒரு கணக்குதான் போடும்: எந்தத் திசையின் அடிவானம் வெளுப்போ அங்கே கடல். கோடிக்கணக்கான ஆண்டுகளாகத் தப்பாத அந்தக் கணக்கு பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் தப்பிப்போகிறது. குஞ்சுகள் விளக்கை நோக்கி, சாலையை நோக்கி ஊர்கின்றன. 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர்வரை ராத்திரி முழுக்க நடந்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவந்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். அவர்கள் சரிசெய்துகொண்டிருப்பது நம் வெளிச்சத்தின் பிழையையும்தான்.

தெருக்களில் சோடியம் விளக்கின் மஞ்சள் போய் வெள்ளை எல்.இ.டி. வந்தது. மின்சாரம் மிச்சம் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பகல் வானம் எதனால் நீலமாக இருக்கிறதோ அதே காரணத்தால், நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் காற்றில் கூடுதலாகச் சிதறி வானத்தை மூடுகிறது. உலகெங்கும் மக்கள் பதிவுசெய்த விண்மீன் கணக்குகளை ஆராய்ந்து 2023இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்குச் சராசரி 9.6 சதவீதம் கூடுகிறதாம். 250 விண்மீன் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தை 18 வயதில் நூறைத்தான் காணும்.

வெளிச்சம் குறைந்தால் பெண்கள் எப்படி வெளியே போவது என்று கேட்பார்கள். இருட்டிய சந்தில் நடந்து பழகியவள் என்பதால் அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணைக் குத்தும் ஃபோகஸ் லைட்டுக்குப் பின்னால் நிற்கும் ஆள் தெரிவதில்லை. நடைபாதையில் சீராக, கீழ்நோக்கி விழும் வெளிச்சத்தில் முகம் தெரியும், பள்ளமும் தெரியும். வானத்துக்குப் போகும் வெளிச்சம் யாருக்கும் காவல் இல்லை.

ஆகவே யாரையும் இருட்டில் உட்காரச் சொல்லவில்லை. மாநகராட்சி விளக்கு மாற்றும்போது 3,000 கெல்வினுக்கு மேற்படாத, மேலே மூடிய விளக்குகளைப் பொருத்தட்டும். கடற்கரையிலும் அடையாறு முகத்துவாரத்திலும் இதை முதலில் செய்யட்டும். உஸ்மான் சாலை வியாபாரிகள் தீபாவளிக்கு ஜொலிக்கட்டும், அது அவர்கள் பிழைப்பு. கடை அடைத்த பிறகும் விடிய விடிய எரியும் பலகையால் ஒரு புடவைகூட விற்காது. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் பத்து நாளும் மாட வீதிகள் மின்னட்டும், விழா முடிந்ததும் தோரணம் இறங்கட்டும். குடியிருப்புச் சங்கங்கள் அடுத்த கூட்டத்தில் ஒருமுறை மொட்டை மாடிக்கு ஏறி, எந்த விளக்கு எங்கே பார்க்கிறது என்று எண்ணட்டும். ஆற்றையும் காற்றையும் சுத்தம் செய்யப் பல ஆண்டுகள் ஆகும். இந்த வெளிச்ச மாசு சுவிட்சை அணைத்த நொடியில் போய்விடும்.

அடையாறில் எங்கள் குடியிருப்பில் நாங்கள் எண்ணினோம். ஆறு விளக்குகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன. தகரக் குடை மாட்டி, வார்ம் ஒயிட் பல்பு போட்டோம். படிக்கட்டு முன்னைவிட நன்றாகத் தெரிகிறது என்று சொன்னவர், முதலில் ஆட்சேபித்த மூன்றாம் மாடிப் பெரியவர். போன வாரம் மாடி ஏறிப் பார்த்தேன். வடக்கே வசிஷ்டர் மங்கலாகத் தெரிந்தார். அருந்ததி தெரியவில்லை. அதற்கு எதிர் வீட்டுக்காரர்களும் அடுத்த தெருக்காரர்களும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பேசுவதாக இருக்கிறோம்.