கரகரப்பில் ஆன்மா இல்லை

பழைய இசைத்தட்டு என்றாலே ஒரு கோஷ்டி கண்ணை மூடிக்கொண்டு, 'அந்தக் கரகரப்பு இருக்கே சார்... அதுலதான் சார் ஆன்மாவே இருக்கு' என்கிறது. மன்னிக்கவும். அதில் இருப்பது பாதி தூசு, பாதி தேய்ந்த ஊசி.

எஸ்.ஜி.கிட்டப்பா 1933-ல் மறைந்தார். அந்தக் குரல் நமக்கு மிஞ்சியது 78 சுழற்சி அரக்குத் தட்டுகளில்தான். அந்தத் தட்டுகளோடு ஒரு மெல்லிய 'உஸ்' கூடவே பிறந்தது, வாஸ்தவம். மற்ற கரகரப்பெல்லாம் பிற்பாடு நாம் சேர்த்த சீர்வரிசை.

பரணிலிருந்து தாத்தாவின் ரெக்கார்ட் பிளேயரை இறக்குபவர்கள் இரண்டு வகை. ஒருவர் அதை ஹாலில் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்துவிடுகிறார். இன்னொருவர் நேராக ஆடியோ கடைக்குப் போய், யானை விலையில் ஸ்பீக்கர் ஒயர் வாங்கி வருகிறார். பிளேயரைத் திறந்து பார்க்க இருவருக்குமே தோன்றுவதில்லை.

திறந்தால் தெரியும். தட்டு சுழலும் அச்சில் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். துடைத்துவிட்டு, தையல் மெஷினுக்குப் போடும் மெல்லிய எண்ணெய் ஓரிரு சொட்டு போதும். (தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்!) ரப்பர் பெல்ட் தொளதொளத்திருக்கும். பெல்ட்டுக்குப் பதில் ரப்பர் சக்கரம் இருந்தால் இறுகியிருக்கும். மாற்றுங்கள்.

அமெரிக்காவிலிருந்து பழைய மாடல் கொண்டுவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அதன் ஏ.சி. மோட்டார் 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்தது. இங்கே 50. டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்து, ஐந்து கட்டையில் பாடிய அம்மணி மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். நண்பர்கள் அதையும் 'என்ன ஒரு கனம்!' என்று சிலாகிப்பார்கள். மோட்டார் கப்பியை 50-க்கு ஏற்றதாக மாற்றினால் அம்மணி மேலே வந்துவிடுவார்.

இனிதான் முக்கியம். 78 தட்டுக்கான ஊசிமுனையின் ஆரம் சுமார் 75 மைக்ரான். எல்.பி. ஊசி சுமார் 18. எல்.பி. ஊசியை 78-ல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடக்கும் குப்பையைத்தான் பாடும். ஊசி எகிறினால் நம்மவர்கள் கண்டுபிடித்த சர்வரோக நிவாரணி, கைமேல் ஒரு எட்டணா! அந்தப் பழைய ஐம்பது காசின் எடை 5 கிராம். நல்ல மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜ் கேட்பதோ 2 கிராம் போல. மிச்ச பாரம் தட்டைத்தான் உழுகிறது. பித்தளைக் குழாய் வைத்த கிராமஃபோனில் எல்.பி. போடுகிறவர்களைப் பற்றி என்ன சொல்ல? அதன் தலை நூறு கிராமுக்கு மேல். ஒரே தடவையில் பாட்டு காலி.

சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று 78-ஐ ஸ்பிரிட்டில் துடைக்காதீர்கள். அரக்கு ஆல்கஹாலில் கரையும். டிஸ்டில்டு வாட்டர், மிதமான சோப்புத் திரவம் இரண்டு துளி, மெத்தென்ற துணி. அவ்வளவுதான்.

'பழசுன்னா அப்படித்தான் இருக்கும்' என்று சொல்வது நமக்குச் சௌகரியம், தட்டுக்குச் சாவு. தேய்ந்த ஊசி ஒவ்வொரு முறையும் பாட்டில் கொஞ்சம் சுரண்டி எடுத்துக்கொண்டு போகிறது. போனது எந்த ஒயர் போட்டாலும் திரும்பாது. உங்கள் பரணில் இருப்பது ஒருவேளை அந்தப் பாட்டின் கடைசிப் பிரதியாகக்கூட இருக்கலாம். ஆன்மாவை அப்புறம் ரசிக்கலாம். முதலில் அந்த எட்டணாவை எடுங்கள்.