பள்ளி வாசலில் அழும் குழந்தை

தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள தெருக்களில், பள்ளி திறந்த முதல் வாரம் காலை வேளையில் நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. புதுச் சட்டை போட்ட குழந்தை தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கதறுகிறது. தாயோ ஒன்பது மணிக்குப் பட்டறையில் நிற்க வேண்டும்; தாமதித்தால் அரை நாள் கூலி போய்விடும். "அதோ பார், காக்கா" என்று குழந்தையின் முகத்தைத் திருப்பிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள். திரும்பிப் பார்க்கும் குழந்தைக்குத் தாயைக் காணோம். பள்ளிக்கூடம் என்பது தாய் காணாமல் போகும் இடம் என்று அன்றைக்கே அதன் மனத்தில் பதிந்துவிடுகிறது.

நாலு நாள் அழும், ஐந்தாம் நாள் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. பல குழந்தைகள் விஷயத்தில் இது உண்மையே. ஆனால் பழகாத குழந்தைகளும் உண்டு. காலையில் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கின்றன. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலேயே தங்கிவிடுகின்றன. இரண்டாம் வகுப்புக்கு வருவதற்குள் "மக்கு" என்ற பட்டம் சூட்டப்பட்டுவிடுகிறது. அந்தப் பட்டத்தைச் சுமந்துகொண்டு எட்டாவதோ ஒன்பதாவதோ வரை போய் நின்றுவிடும் பையனைத்தான் பிறகு நாம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டை தூக்கவும், லேத்துப் பட்டறையில் எடுபிடி வேலை செய்யவும் காண்கிறோம். மூட்டை தூக்குவது இழிவல்ல. வேறு வழியே இல்லாதபடி ஐந்து வயதிலேயே கதவைச் சாத்துவதுதான் கொடுமை.

குழந்தையைப் பள்ளிக்குப் பழக்க மந்திரம் ஒன்றும் தேவையில்லை. ஏமாற்றிவிட்டு ஓடாமல், சொல்லிவிட்டுப் போக வேண்டும். கடிகாரம் தெரியாத குழந்தைக்குப் பன்னிரண்டு மணி என்றால் புரியாது. "சோறு சாப்பிட்டதும் வருவேன்" என்றால் புரியும். சொன்னபடி வரவும் வேண்டும். முதல் வாரம் இரண்டு மணி நேரம், அடுத்த வாரம் அரை நாள், பிறகு முழு நாள் என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டு போகலாம். முதல் சில நாட்கள் தாயோ பாட்டியோ வகுப்பின் ஓரத்தில் உட்கார்ந்திருக்க அனுமதிக்கலாம். அதே தெருவிலிருந்து வரும் மூன்றாம் வகுப்புச் சிறுமியிடம் கையைப் பிடித்து அழைத்து வரும் பொறுப்பைக் கொடுக்கலாம். பித்தான் வைத்த டவுசருக்குப் பதில் தானே இழுத்துவிடக் கூடிய ரப்பர் டவுசரைப் போட்டு அனுப்பலாம். தலையங்கத்தில் டவுசரைப் பற்றி எழுதுவதா என்று சில தோழர்கள் சிரிக்கக்கூடும். ஒண்ணுக்குப் போக இடமும் தெரியாமல், கேட்கவும் தெரியாமல், உட்கார்ந்த இடத்திலேயே நனைத்துக்கொண்டு, மற்றவர்கள் கைகொட்டிச் சிரிப்பதைக் கேட்ட குழந்தை மறுநாள் ஏன் வர மறுக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பு வராது.

கற்பிப்பதும் அப்படித்தான். கை இன்னும் திடப்படாத வயதில் பென்சிலைத் திணித்து, ஐந்து பக்கம் எழுதி வா என்று வீட்டுப்பாடம் கொடுப்பது படிப்பல்ல. மணலில் விரலால் கோடு போடுவதும், களிமண் உருட்டுவதும், புளியங்கொட்டையை எண்ணி அடுக்குவதும், பாட்டும் கதையும் கேட்பதும்தான் அந்த வயதுக்குரிய பாடம்.

இவற்றில் பெரும் பணம் கேட்பது எதுவுமில்லை. இவை கேட்பது பெரியவர்களின் நேரத்தை. தொழிலாளியின் நேரமோ முதலாளியின் கையில் இருக்கிறது. வசதி படைத்த வீட்டுக் குழந்தைக்குத் தாய் பத்து நாள் உடன் வர முடியும்; நமது குழந்தைக்கு அரை மணி கிடைப்பதும் கூலி வெட்டுடன்தான். நேரத்துக்காகப் போராடுவது புதுச்சேரித் தொழிலாளி வர்க்கத்துக்குப் புதிதல்ல. 1936 ஜூலை 30-ல் 12 ஆலைத் தொழிலாளர்கள் பிரெஞ்சு ஏகாதிபத்தியத்தின் குண்டுகளுக்குப் பலியானார்கள். மறு ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று.

சிறு குழந்தைக் கல்வி பணக்காரர்களின் ஆடம்பரம் என்று எண்ணுவோரும் நம்மிடையே உண்டு. உண்மை நேர்மாறானது. மரியா மாண்டிசோரி 1907 ஜனவரியில் தமது முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது ரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில். பெற்றோர் வேலைக்குப் போய்விட, மாடிப்படிகளில் தனியே அலைந்துகொண்டிருந்த பிள்ளைகளுக்காக. இன்று அந்த அம்மையாரின் பெயரைப் பலகையில் எழுதிக் கட்டணம் வசூலிக்கும் பள்ளிகளில், அத்தகைய குழந்தைகளுக்குத்தான் இடமில்லை! நமது நாட்டில் 1945-ல் தாராபாய் மோடக், அனுதாய் வாக் இருவரும் பம்பாய் மாகாணத்துத் தாணா ஜில்லாவின் போர்டி கிராமத்தில் வேலை தொடங்கினார்கள். ஏழைக் குழந்தைகள் பள்ளிக்கு வராததைக் கண்டு, பள்ளியையே அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்கு எடுத்துச் சென்றார்கள். முற்றம் என்று பொருள்படும் "அங்கன்" என்ற சொல்லிலிருந்துதான் அங்கன்வாடி என்ற பெயர் வந்தது. அதே ஆண்டில், அதே ஜில்லாவில் தோழர் கோதாவரி பாருலேகர் வார்லி ஆதிவாசிகளைத் திரட்டிக் கொத்தடிமை முறையை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மொழிப் பிரச்னை இங்கே கூர்மையாக நிற்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் மத்தியப் பாடத்திட்டம் தொடக்க வகுப்புகளில் நுழைந்து, 2023-24 கல்வியாண்டில் மேல் வகுப்புகளுக்கும் பரவியது. அத்துடன் ஆங்கிலமும் முதல் நாளிலேயே குழந்தையின் முன் வந்து நிற்கிறது. பெற்றோர் ஆங்கிலத்தை விரும்புவதை நாம் குறை கூறவில்லை. வேலைச் சந்தையில் அதன் விலை அவர்களுக்குத் தெரியும். ஆனால் வீட்டில் தமிழ் பேசும் நாலு வயதுக் குழந்தை, தண்ணீர் வேண்டும் என்று கேட்பதற்கே அன்னிய மொழி தேட வேண்டுமென்றால் அது வாயை மூடிக்கொள்ளும். முதலில் தாய்மொழியில் பேசட்டும், கேள்வி கேட்கட்டும். அந்தத் தைரியத்தின் மேல் ஆங்கிலம் ஏறி நிற்கட்டும். 2009-ம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமும், 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்த மட்டும் தாய்மொழியில் என்றே எழுதி வைத்திருக்கின்றன. "முடிந்த மட்டும்" என்ற இரண்டு சொற்களுக்குள் சர்க்கார் ஒளிந்துகொள்கிறது.

சட்டத்தின் ஓட்டை இதோடு நிற்கவில்லை. கல்வி உரிமை ஆறு வயதில்தான் ஆரம்பமாகிறது. 2002-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியபோது, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை உரிமையிலிருந்து வெளியே நிறுத்தி, வழிகாட்டும் கோட்பாட்டில் வைத்தார்கள். 30 குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விதி ஒன்றாம் வகுப்புக்கு உண்டு, எல்.கே.ஜி.க்கு இல்லை. 2030-க்குள் எல்லாக் குழந்தைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்று 2020-ன் கொள்கை வாக்களித்தது. ஆனால் அதைச் சுமக்க வேண்டிய அங்கன்வாடி ஊழியருக்கு மத்திய சர்க்கார் 2018 அக்டோபரில் நிர்ணயித்தது மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். அதுவும் சம்பளம் என்றல்ல, மதிப்பூதியம் என்ற பெயரில். அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதைக்கூட 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் சொல்ல வேண்டியிருந்தது.

தொழிற்கூடங்களில் குழந்தைகள் காப்பகம் பற்றிய நிலை என்ன? 1948-ன் தொழிற்சாலைச் சட்டம் 30 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ல் அமுலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 50 பேர் என்று கணக்கை மாற்றின. பத்துப் பேர், இருபது பேர் வேலை செய்யும் சிறு பட்டறைகளுக்கு அன்றும் பொருந்தவில்லை, இன்றும் பொருந்தவில்லை. பட்டறைகள் சேர்ந்து பேட்டைக்கே ஒரு பொதுக் காப்பகம் அமைக்கச் செய்வதுதான் வழி.

இதில் நம் பங்கையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். போனசுக்கும் பஞ்சப்படிக்கும் எத்தனையோ கோரிக்கைப் பட்டியல்கள் எழுதியிருக்கிறோம். குழந்தை முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் வாரத்தில் தாய்க்கோ தந்தைக்கோ சம்பளத்துடன் நாளுக்கு இரண்டு மணி நேர விடுப்பு என்ற வரி அந்தப் பட்டியல்களில் இடம் பெற்றதில்லை. இது பெண்கள் விவகாரம் என்று ஒதுக்கியதே காரணம்.

அடுத்த கோரிக்கைப் பட்டியலில் அந்த வரி இருக்க வேண்டும். பேட்டைக்குப் பொதுக் காப்பகம், பாலர் வகுப்புக்கும் ஆசிரியர் விகிதம், வகுப்புக்கு ஓர் ஆயா, முதலாண்டில் தமிழில் பேசிக் கற்பித்தல் ஆகியவற்றுக்காகச் சங்கத் தோழர்களும் மாதர் சங்கத்தாரும் கல்வித்துறையையும் தொழிலாளர் துறையையும் சேர்ந்தே சந்திக்க வேண்டும். அதற்கு முன்னால், வரும் கல்வியாண்டில் முதன்முறையாகப் பள்ளிக்குப் போகவிருக்கும் குழந்தைகள் தெருவுக்கு எத்தனை பேர், அவர்களின் தாய்மார் எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்கள் என்ற பட்டியலுடன் தட்டாஞ்சாவடிக் கிளைத் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரட்டும்.