பின்தங்கிய பிள்ளைகளும் ஒரு கொமாவும்

ஊர்காவற்றுறையில ஆங்கிலக் கல்வி பற்றி ஆர் மேடை ஏறினாலும் 'பின்தங்கிய தீவகப் பிள்ளைகள்' என்ற தொடர் வந்துவிடும். அன்பாகத்தான் சொல்லுகினம். ஆனால் பொருள் என்ன? தீவகப் பிள்ளைகளுக்குள்ள பின்தங்கின சிலரா, இல்லாட்டித் தீவகப் பிள்ளைகள் எல்லாருமா? தமிழ் இரண்டுக்கும் இடம் விடும். ஆங்கிலம் விடாது. 'ஹூ' போட்டு எழுதும்போது முன்னும் பின்னும் கொமா இட்டால் எல்லாரும், இடாவிட்டால் சிலர். அட்ஜெக்டிவ் குளோஸ் என்ற பாடம் இதையும்தான் சொல்லித்தர வேணும்.

ஆனால் அந்தப் பாடம் எங்களிட்ட எப்படி வருகுது? ஆளுக்கு 'ஹூ', பொருளுக்கு 'விச்', இடத்துக்கு 'வெயார்' என்று ஒரு அட்டவணை. பிறகு கீறிட்ட இடம் நிரப்பு. 'தமிழில இப்படியொண்டு இல்லை, பாடமாக்கத்தான் வேணும்' என்ற ஆறுதலும் கூடவே வரும். அந்த ஆறுதல் பொய்.

தமிழ்ப் பாடத்தில படிக்கிற பெயரெச்சம் செய்யிறதும் இதே வேலைதான். பெயரெச்சம் ஆறு வகைப் பெயர்களைக் கொண்டு முடியும் என்று நன்னூல் 13ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துவிட்டது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். கடலுக்குப் போற வீட்டுப் பிள்ளைக்கு இதை விளங்கப்படுத்த எவ்வளவு நேரம் வேணும்? மீன் பிடிச்ச ஆள் என்றால் 'ஹூ'. பிடிச்ச வலை என்றால் 'வித் விச்'. பிடிச்ச இடம் 'வெயார்', பிடிச்ச நாள் 'வென்', பிடிச்ச மீன் 'தட்'. அட்டவணை பிள்ளையின்ர வாயிலேயே இருக்குது.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. எங்கட அடைத்தொடர் பெயருக்கு முன்னால வரும், ஆங்கிலத்தில பின்னால வரும். சிங்களமும் இதில எங்கட பக்கம்தான். அடுத்தது, உறவைக் காட்டுற சொல். எங்கட ஊரின்ர ஆங்கிலப் பெயர், யானைத்துறை என்று பொருள்படும் போர்த்துக்கேயப் பெயரிலிருந்து வந்தது. 'யானை ஏத்தின துறை' என்று மூண்டு சொல்லில நாங்கள் முடிப்பம். 'இருந்து' என்ற உருபு தேவையில்லை, கேட்கிறவருக்கே விளங்கும். ஆங்கிலத்தில 'ஃப்ரொம் விச்' என்று சொல்லியாக வேணும்.

இந்த ஒப்பீட்டைக் காட்டாததால வாற பிழைகளைப் பாருங்கோ. 'த நெற் விச் ஐ போட் இட்' என்று எழுதுகிறார்கள். வலைக்குரிய இடத்தை 'விச்' ஏற்கெனவே பிடிச்சிட்டுது, 'இட்' அதிகப்படி. 'நான் அதை வாங்கின வலை' என்று தமிழில ஆராவது சொல்லுவினமா? ஒருக்காக் கேட்டால் பிள்ளையே திருத்தும்.

'தமிழில யோசிச்சால் ஆங்கிலம் வராது' என்பார்கள். கடலுக்கு அங்கால, வட்டுக்கோட்டையில 1823இல் தொடங்கின செமினறி இரண்டு மொழியையும் சேர்த்தே படிப்பித்தது. இந்தத் தீவில கரம்பனில பிறந்த தனிநாயகம் அடிகளார், தமிழைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையைத் தொடங்கினார். அவருக்குத் தமிழ் இடைஞ்சலாக இருக்கேல்லை.

ஆசிரியர் பற்றாக்குறை உண்மை. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் படகை நம்பித்தான் போகவேணும் என்பதும் உண்மை. அதுக்காகப் போராடத்தான் வேணும். ஆனால் பெயரெச்சத்தையும் அட்ஜெக்டிவ் குளோஸையும் ஒரே கரும்பலகையில பக்கத்தில பக்கத்தில எழுத எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை. ஆங்கில ஆசிரியர் இல்லாத இடத்திலயும் தமிழ் ஆசிரியர் இருந்தால் பாதி வேலையை அவரே தொடக்கிவைக்கலாம்.

இது சோதனைக்கான கதை மட்டும் இல்லை. கலைப்பீடத்துக்கு வந்தால் வரலாறோ பொருளியலோ, ஏதோ ஒரு கட்டத்தில ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கவேணும். எழுவாய் தொடக்கத்தில, வினை எங்கேயோ தூரத்தில, நடுவில ஒரு நீண்ட அடைத்தொடர். அது எங்க தொடங்கி எங்க முடியுது என்று தெரியாட்டி, புத்தகத்தை மூடிவிட்டு ஆரோ எழுதின நோட்ஸைத்தான் பாடமாக்கவேணும். அட்டவணைப் படிப்பு எங்களைக் கொண்டுவந்து விடுற இடம் அதுதான்.

ஆகவே அடுத்தமுறை மேடையில 'பின்தங்கிய தீவகப் பிள்ளைகள்' என்று கேட்டால், பேசினவரிட்ட அதை ஆங்கிலத்தில எழுதித் தரச் சொல்லுங்கோ. கொமா போடுகிறாரா என்று பாருங்கோ. போட்டால், பின்தங்க விட்டது ஆர் என்றும் கேளுங்கோ.