குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்ட பாட்டு

மட்டக்களப்பின் தேற்றாத்தீவில் வெயில் தாழ்ந்த நேரம். வெற்றிலைக் கொடிகளுக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பதினேழு வயதுப் பொடியன் ஒருவன் கிணற்றுக் கட்டில் குந்தியிருக்கிறான். மடியில் ஒரு சீ.ஆர். கொப்பி. பக்கத்தில் கண்ணாடி வெடித்த கைத்தொலைபேசி, அதிலிருந்து ஒரு தாளம். அவன் வாய்க்குள் வரிகளைச் சொல்லிப் பார்க்கிறான், வெட்டுகிறான், திரும்ப எழுதுகிறான். எட்டிப் பார்த்தேன். அப்பாவின் நுண்கடன், வெற்றிலை விலை, தனியார் வகுப்புக் காசு கேட்கக் கூச்சப்பட்டு வகுப்புக்கே போகாமல் விட்ட நாள். எதுகையும் மோனையும் பிசகாமல் விழுந்திருந்தன.

அந்த வழியால் வந்த அவனுடைய தாய்மாமன் நின்று சொன்னார்: “இந்த ராப்பெல்லாம் வேணாம் மனே. கடைசியில ஐஸிலதான் கொண்டுபோய் உடும்.”

மாமன் கெட்டவரல்ல, பயந்தவர். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பிள்ளை வளர்க்கிற எல்லோருக்கும் இன்று அந்தப் பயம் இருக்கிறது. பயம் நியாயமானது. ஆனால் அது கைநீட்டிக் காட்டும் இடம் பிழை. ‘ராப் கேட்கிறவன் போதைக்குப் போவான், ஹிப்ஹொப் வந்த இடத்துக்கு வாளும் வரும்’ என்ற நம்பிக்கை பெற்றோர் கூட்டத்திலும், கோயில் நிர்வாகக் கூட்டத்திலும், பாடசாலை மேடையிலும் உறுதியாகச் சொல்லப்படுகிறது. அது பொய் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். பொய் என்பதைவிடப் பெரிய குற்றமும் அதன்மேல் உண்டு. உண்மையான குற்றவாளிக்கு அது மறைப்பாக நிற்கிறது.

எதிர்த்தரப்பின் வலுவான வாதத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பெயர்பெற்ற இரு ராப் பாடகர்கள் ஆறு மாத இடைவெளியில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். டூபாக் ஷகூர் 1996 செப்டெம்பர் 7இல் லாஸ் வேகஸில் சுடப்பட்டு ஆறாம் நாள் இறந்தார். நொட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்ற கிறிஸ்டோபர் வாலஸ் 1997 மார்ச் 9இல் லொஸ் ஏஞ்சல்ஸில் கொல்லப்பட்டார். டூபாக்கின் பாடல்களை வெளியிட்ட டெத் ரோ நிறுவனத்தின் தலைவர் சுக் நைட், வாகனத்தால் மோதி ஒருவரைக் கொன்ற வழக்கில் 2018இல் 28 ஆண்டுச் சிறை பெற்றார். வாலஸின் பாடல்களை வெளியிட்ட நிறுவனத்தின் தலைவர் ஷோன் கோம்ஸ் 2025 ஒக்டோபரில் 50 மாதச் சிறை பெற்றார். இவை நடந்தவை. பெண்ணை இழிவாகப் பேசும் ராப் வரிகள் ஏராளம் உண்டு என்பதும் உண்மை, அவற்றுக்காக நான் வாதாட மாட்டேன்.

ஆனால் பாட்டு எப்போது வந்தது, வன்முறைக் குழு எப்போது வந்தது? ஹிப்ஹொப் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் 1973 ஓகஸ்ட் 11இல் நடந்த ஒரு விருந்தோடு பிறந்ததாகக் கொள்வது வழக்கம். லொஸ் ஏஞ்சல்ஸின் கிரிப்ஸ், பிளட்ஸ் குழுக்கள் அதற்கு முன்னரே தெருவில் நின்றன. வேலையின்மையும் நிறவெறியும் பெற்ற பிள்ளைகள் அவை. பத்து வருடங்களுக்குப் பிறகு வந்த பாட்டு அந்தத் தெருவைப் பற்றிப் பாடியது. வெள்ளத்தைப் பற்றிப் பாடியவன் மழையைக் கொண்டுவந்தான் என்று யாராவது சொல்வார்களா?

அந்தப் பாட்டுக்கு அரசு எப்படிப் பதில் சொன்னது? கொம்டன் நகரத்து என்.டபிள்யூ.ஏ. குழு, கறுப்பு இளைஞர்களைப் பொலிஸார் அடிப்பதைப் பற்றிக் கோபத்தோடு பாடியது. 1989 ஓகஸ்டில் எஃப்.பி.ஐ.யின் உயரதிகாரி ஒருவர் அந்த இசைத்தட்டு நிறுவனத்துக்குக் கண்டனக் கடிதம் அனுப்பினார். 1991 மார்ச் 3ஆம் திகதி இரவு ரொட்னி கிங் என்ற கறுப்பு மனிதரை லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் தடிகளால் அடித்ததை, பக்கத்து மாடியில் இருந்த ஒருவர் வீடியோ எடுத்தார். உலகம் பார்த்தது. பாட்டு இரண்டு வருடம் முந்திச் சொன்ன சாட்சியம் அது. சாட்சியை மிரட்டியதுதான் அரசு செய்த வேலை.

வாலஸ் கொலையை விசாரிக்கப் போன துப்பறிவாளர் ரசல் பூல், விசாரணையின் நடுவே தன் சொந்தத் திணைக்களத்தையே எதிர்கொண்டார். லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸார் சிலர் கடமை நேரம் முடிந்ததும் டெத் ரோ நிறுவனத்துக்குக் காவல் வேலை பார்த்திருந்தார்கள். கொலையில் பொலிஸாருக்குப் பங்கு இருந்ததாகப் பூல் சந்தேகப்பட்டார். அந்தச் சந்தேகம் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. ஆனால் மேலே தோண்ட மேலதிகாரிகள் தன்னை விடவில்லை என்று சொல்லி 1999இல் அவர் வேலையை விட்டார்.

நிரூபிக்கப்பட்டவை வேறு இருக்கின்றன. 1998 ஓகஸ்டில் ரஃபயேல் பெரஸ் என்ற லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ்காரர் கைதானார். சான்றுப் பொருள் அறையிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோ கொக்கெய்னை எடுத்தவர் அவர். தண்டனையைக் குறைப்பதற்காக அவர் வாய் திறந்தபோது ரம்பார்ட் ஊழல் வெளியே வந்தது. ரம்பார்ட் பிரிவில் இருந்த குழு ஒழிப்பு அணியினர் பொய்ச் சாட்சி சொன்னார்கள். தாங்கள் சுட்டு வீழ்த்தியவன் கையில் துப்பாக்கியைச் செருகினார்கள். ஹாவியர் ஒவாண்டோ என்ற பத்தொன்பது வயது இளைஞன் ஆயுதம் இல்லாமல் நின்றபோது சுட்டு, முடமாக்கி, அவனையே குற்றவாளியாக்கி 23 ஆண்டுச் சிறைக்கு அனுப்பியிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தீர்ப்புகள் இரத்தாயின. குழுக்களை ஒழிக்க அமைத்த அணியே சீருடை போட்ட குழுவாகிவிட்டிருந்தது.

இன்னும் ஒன்று. வாலஸ் குடும்பம் நகரத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கு 2005இல் பாதியில் நின்றது. முக்கியமான ஆவணங்களைப் பொலிஸ் மறைத்திருந்ததை நீதிபதி கண்டுபிடித்தார். அவை ஒரு துப்பறிவாளரின் மேசை லாச்சிக்குள் கிடந்தன. குடும்பத்தின் வழக்குச் செலவாகப் பதினொரு இலட்சம் டொலர் கட்டும்படி நகரத்துக்குக் கட்டளை வந்தது. வாலஸைச் சுட்டவர் யார் என்று இன்றுவரை எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. டூபாக் வழக்கில் முதல் கைது 2023 செப்டெம்பர் 29இல்தான் நடந்தது, 27 வருடங்களுக்குப் பிறகு. இத்தனை காலமும் வானொலியிலும் பத்திரிகையிலும் ‘ராப் கொல்கிறது’ என்று பேசினார்கள். லாச்சியை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை.

அது அமெரிக்கக் கதை, எங்களுக்கென்ன என்று கேட்கலாம். எங்கள் லாச்சியைத் திறப்போம்.

2020ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இலங்கைப் பொலிஸ் போதைப்பொருள் ஒழிப்புப் பணியகத்தைச் சேர்ந்த பத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். கைப்பற்றிய ஹெரோயினைத் திரும்பவும் கடத்தல்காரருக்கே விற்றதாகக் குற்றச்சாட்டு. 2015இல் பிரதிப் பொலிஸ் மா அதிபர் வாஸ் குணவர்தனவுக்கு ஒரு வர்த்தகரின் கொலைக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2023 டிசம்பர் 14இல், பதில் பொலிஸ் மா அதிபராக இருந்த தேசபந்து தென்னக்கோன் ஒரு மனிதரைச் சித்திரவதை செய்ததற்குப் பொறுப்பானவர் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றாம் நாள், டிசம்பர் 17இல், அவர் தலைமையில் ‘யுக்திய’ என்ற போதை ஒழிப்பு நடவடிக்கை தொடங்கியது. யுக்திய என்றால் நீதி. ஒரு மாதத்துக்குள் சுமார் 29,000 பேர் கைதானார்கள், ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் அதை நிறுத்தும்படி கேட்டார்கள். அதே தென்னக்கோனை 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் பதவி நீக்கியது. இந்தப் பட்டியலில் எந்த இடத்திலாவது ஒரு ராப் பாட்டு இருக்கிறதா?

மட்டக்களப்புக்கே வருவோம். 2021 ஜூன் மாதம், இருதயபுரத்தில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவரைப் பொலிஸார் இரவில் பிடித்துக்கொண்டு போனார்கள். விடியும்போது அவர் உயிருடன் இல்லை. ஐஸ் போதைப்பொருள் பொட்டலத்தை விழுங்கி இறந்தார் என்றது பொலிஸ். அடித்துக் கொன்றார்கள் என்றது குடும்பம். நீதிமன்றக் கட்டளைப்படி புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மீண்டும் பரிசோதிக்க வேண்டியிருந்தது. 2023 நவம்பரில் யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போன இன்னொரு இளைஞர் இறந்தார். அது ஆட்கொலை என்று நீதவான் நீதிமன்றம் முடிவு சொன்னது. 2016 ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தபோது, அது விபத்து என்றே முதலில் சொன்னார்கள். உடலில் துப்பாக்கிச் சூட்டுக் காயம் இருந்தது பிறகு தெரிந்தது. ஐந்து பொலிஸார் கைதானார்கள்.

வாள்வெட்டு என்றால் எல்லோர் வாயிலும் வருவது ஆவா குழு. 2016 நவம்பரில் அமைச்சரவைப் பேச்சாளராக இருந்த ராஜித சேனாரத்ன, அந்தக் குழுவை முன்னைய ஆட்சியின் பாதுகாப்புத் தரப்பே உருவாக்கியது என்று ஊடகங்களிடம் சொன்னார். அவர் சொன்னது மெய்யா பொய்யா என்பதை ஒரு முழுமையான விசாரணை முடித்து வைத்திருக்க வேண்டும். மக்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும். நாங்களோ பொடியன்களின் தலைமயிர் வெட்டையும் காதில் மாட்டியிருக்கும் பாட்டையும் விசாரித்துக்கொண்டிருந்தோம்.

சொல்லைச் சான்றாக்கி மனிதனை அடைப்பது எங்கே போய் முடியும் என்பதற்கும் தமிழிலேயே உதாரணம் உண்டு. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாஃப் ஜசீம், ‘நவரசம்’ என்ற தன் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். வன்முறைக்கு எதிராக எழுதிய கவிதைகளும் அந்த நூலில் இருந்தன. ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. உவமையை வாக்குமூலமாக வாசித்தவர்களுக்கு எந்தத் தண்டனையும் இல்லை.

கேரளத்து ராப் பாடகர் வேடனின் தாய் யாழ்ப்பாணத் தமிழர். 2025 ஏப்ரல் 28இல் கொச்சியில் ஆறு கிராம் கஞ்சாவுடன் வேடன் பிடிபட்டார். பிணை கிடைத்ததும் கழுத்தில் சிறுத்தைப்பல் என்று வனத்துறை கைது செய்தது. சாதிக்கு எதிராகப் பாடுகிறவரின் ஆறு கிராம் நாடு முழுக்கத் தலைப்புச் செய்தியானது. பிறகு அவர்மேல் ஒரு பெண் பாலியல் வன்கொடுமை முறைப்பாடு கொடுத்தார். அதை நீதிமன்றம் முழுக் கவனத்தோடு விசாரிக்க வேண்டும், பாடகர் என்பதற்காக ஒரு சலுகையும் கூடாது. குற்றம் செய்தவன் பாடகனாக இருந்தால் அவனைத் தண்டியுங்கள். சான்றை வைத்துத் தண்டியுங்கள். அவன் பாட்டைக் கேட்கிற ஆயிரம் பிள்ளைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்க அது அனுமதிப்பத்திரம் ஆகாது. கலிபோர்னியா மாநிலம் பாடல் வரிகளைக் குற்றச் சான்றாகப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்தி 2022 செப்டெம்பரில் சட்டமே கொண்டுவந்தது. அவ்வளவு அநியாயம் நடந்த பிறகு வந்த சட்டம் அது.

‘இது எங்கள் பண்பாடு இல்லை’ என்பது கடைசி வாதம். தேற்றாத்தீவில் நின்றுகொண்டு அதைச் சொல்லவே கூடாது. எங்கள் ஊர்ப் பிள்ளையார் தன் பெயரிலேயே கொம்பைச் சுமந்து கொம்புச்சந்தியில் இருக்கிறார். கொம்புமுறி விளையாட்டில் வடசேரி, தென்சேரி என்று இரு பக்கமும் பிரிந்து ஒருவரையொருவர் வசை பாடினார்களே, அது என்ன? எதிராளி வாயடைக்கும்படி நின்ற இடத்திலேயே கவி கட்டியவன் அன்று ஊரின் பெருமை. கூத்துக் களரியில் வரவுக்கு முன் அண்ணாவியார் மத்தளத்தோடு தாளக்கட்டு விடுவதைக் கேட்டவர்களுக்கு, தாளத்தின் மேல் சொல்லை அடுக்குவது அந்நியமாகத் தெரியாது. வசைக் கவியைக் கேட்டுத் தலைமுறை கெட்டது என்று எந்தப் பாட்டனும் சொல்லவில்லை. அந்தக் கவியின் பேரன்தான் கிணற்றுக் கட்டில் குந்தியிருக்கிறான்.

ஐஸ் வெற்றிலையைப் போல இந்த மணலில் விளைவதில்லை. கடலால் வருகிறது, வீதியால் வருகிறது, சோதனைச் சாவடிகளைத் தாண்டி வருகிறது. எப்படித் தாண்டுகிறது என்பதுதான் கேள்வி. சிவில் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்: இந்த வருடம் கைப்பற்றிய போதைப்பொருள் எவ்வளவு, அதில் அழிக்கப்பட்டது எவ்வளவு, வழக்கு எத்தனை, தீர்ப்பு எத்தனை? பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். இலஞ்சம் என்று தெரிந்தால் இலஞ்ச ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளையைப் பொலிஸ் அடித்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்பு அலுவலகத்துக்குப் போங்கள். பாட்டை நிறுத்துவது இவற்றைவிட எளிது. அதனால்தான் நாங்கள் பாட்டை நிறுத்துகிறோம்.

கோயில் நிர்வாகத்தாரிடமும் அதிபர்மாரிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த திருவிழாவில், அடுத்த பரிசளிப்பு விழாவில், இந்தப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிட மேடை கொடுங்கள். மாமன்மாரிடம் இன்னும் சிறிய வேண்டுகோள்தான். அந்தக் கொப்பியை ஒருமுறை வாங்கி வாசியுங்கள். உங்கள் வீட்டில் உங்களுக்குச் சொல்ல முடியாமல் போன விஷயம் எல்லாம் அதில் எழுதியிருக்கிறது.