விற்கப் போன வயல்



பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்தோர் பலருக்கும் ஊரில் கிடக்கும் துண்டு நிலம் ஒரு மனச்சுமை. தோவாளையை அடுத்து நமக்கும் தம்பிக்கும் பொதுவில் ஓர் ஏக்கர் நஞ்சை உண்டு. தம்பி பயிரிடுகிறான், நமக்குப் பாட்ட நெல் வரும். உரச்செலவு கட்டவில்லை, விற்றுவிடலாமென அவன் எழுதவே, கையெழுத்திடும் எண்ணத்துடன் கரமனையிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டோம்.

பத்திர வேலைக்கு இரு நாள் இருந்தமையால் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் சென்று காற்றாலைகளைக் கண்டோம். மலைக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று சீறி வருமிடம் அது. அங்குள்ள ஆலைகளின் மொத்தத் திறன் சுமார் 1,500 மெகாவாட். கோவை மாவட்டத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து 2006-ல் தனக்கெனவே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. ஊர் கூடினால் அதுவும் ஆகும். ஓர் ஏக்கர்க்காரனுக்கு ஆகாது.

அவனுக்குரிய பாடத்தைக் கன்னியாகுமரியை அடுத்த கல்லுவிளையில் கண்டோம். விவேகானந்த கேந்திரத்தின் இயற்கை வள அபிவிருத்தித் திட்டத்தார் அங்கே சாண எரிவாயுக் கலன்களைக் காட்டுகின்றனர். காற்றுப் புகாத கலனில் சாணக் கரைசல் புளித்து மீதேன் வாயு பிறக்கிறது. வாயு அடுப்புக்கு, எஞ்சும் கரைசல் வயலுக்கு உரம். தொட்டி நீரில் மிதந்து வளரும் அசோலா என்னும் சிறு பெரணி, காற்றிலுள்ள நைட்ரஜனைச் சேர்த்து வயலுக்கும் மாட்டுக்கும் உதவுகிறது. இவர்கள் 2006-ல் பிரிட்டனின் ஆஷ்டன் விருது பெற்றனர்.

தம்பி வீட்டில் இரு பசுக்கள் உள்ளன. சாணம் வரட்டியாகி எரிகிறது. உரமோ கடைக்காரரிடம் கடனாக வருகிறது! "இதைச் செய்தால் என்ன?" என்றோம்.

"அண்ணே, கலனுக்கு முதல் வேண்டாமா? நீங்கள் ஆண்டுக்கொரு முறை வந்து நெல்லைத்தானே கேட்கிறீர்கள்?" என்றான்.

நமக்கு மறுமொழி இல்லை. வயலின் நஷ்டத்தில் நம் பங்கும் இருந்ததை அன்றே உணர்ந்தோம். இரண்டாண்டுப் பாட்ட நெல்லைக் கலனுக்கே விட்டுக்கொடுப்பதென்று இரவில் முடிவாயிற்று. இல்லத்தரசியார் முதலில் முகம் சுளித்தார், பிறகு இசைந்தார். பத்திரம் எழுதப்படவில்லை.

இரண்டாண்டில் வயல் தேறுமா என்பதை உழைப்பும் மழையும் தீர்மானிக்கும். ஆயினும் ஊர் நிலத்தை விற்க எண்ணும் அன்பர்கள், அதற்கு முன் ஒருமுறை நேரில் சென்று, அதை உழுபவன் சொல்லைக் கேட்டு வாருங்கள்.