விசையை எண்ணி வயது சொல்வோர்

ஐரோப்பிய மரக்குழல்களைச் சேகரிப்போர், விற்போர், பாட்டனாரின் பெட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து வைப்போர் ஆகிய மூவகையினரிடமும் ஒரு நம்பிக்கை ஆழ வேரூன்றியிருக்கிறது. குழலில் விசைகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு அது பழையது என்பதே அந்த நம்பிக்கை. ஒரு விசை இருந்தால் 18-ஆம் நூற்றாண்டு, நான்கு இருந்தால் அந்நூற்றாண்டின் இறுதி, எட்டு இருந்தால் 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் காலத்தைக் கணித்து, அந்தக் கணக்கின்மேல் விலையையும் ஏற்றிச் சொல்கிறார்கள். இந்த வாய்ப்பாடு பிழையானது. விசைகளின் எண்ணிக்கை பெரும்பாலும் காட்டுவது குழலின் வயதை அன்று. அதை முதலில் வாங்கியவரால் எவ்வளவு செலவழிக்க முடிந்தது என்பதையே.

விசை என்பது விரல் எட்டாத இடத்திலோ, விரல்கள் போதாத இடத்திலோ உள்ள துளையைத் திறந்து மூடுவதற்காகப் பொருத்தப்படும் உலோக நெம்புகோல். கருநாடக இசைக் கலைஞர் துளையைப் பாதி மூடியும் ஊதும் கோணத்தை மாற்றியும் பெறுகின்ற இடைச் சுரங்களை, ஐரோப்பியர் தனித்தனித் துளைகளிலிருந்து பெற விரும்பியதால் அங்கே விசைகள் பெருகின. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் உருவான குழலில், ஆறு விரல் துளைகளோடு வலக்கைச் சுண்டுவிரலுக்கென ஒரே ஒரு விசை இருந்தது. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக்கின் குழல் ஆசிரியரான க்வான்ட்ஸ் 1726-இல் இரண்டாவது விசையைச் சேர்த்தார். லண்டன் கைவினைஞர்கள் அதை நான்காகவும் ஆறாகவும் உயர்த்தினர். அவர்களுள் ரிச்சர்ட் பாட்டர் 1785-இல், துளையை அடைக்கும் உலோக முளைகள் பொருத்திய விசைகளுக்குக் காப்புரிமை பெற்றார். ம்யூனிக் நகரத்துத் தெயோபால்ட் போஹ்ம் 1832-இல் விசை அமைப்பையே புதிதாக வகுத்து, 1847-இல் குழலின் உட்குடைவைக் கூம்பிலிருந்து உருளையாக மாற்றினார். இன்றைய மேற்கத்திய இசைக்குழுக்களின் புல்லாங்குழல் அந்த 1847-ஆம் ஆண்டு வடிவத்தின் வழித்தோன்றலே.

இந்த வரிசை உண்மையானது. அதைப் படிக்கும் முறையில்தான் பிழை புகுகிறது. ஒரு புதிய வகை தோன்றிய ஆண்டு, அந்த வகைக் குழல் எதுவும் அதற்கு முன் இருந்திருக்க முடியாது என்பதை மட்டுமே நிறுவும். பழைய வகையைச் செய்வது அந்த ஆண்டோடு நின்றுபோயிற்று என்பதை நிறுவாது. எட்டு விசைக் குழல் 1700-ஐச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை என்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஒரு விசைக் குழல் 1900-ஐச் சேர்ந்ததாக இருக்கத் தடையேதுமில்லை. உண்மையில் அப்படிப்பட்ட குழல்கள் ஏராளமாகச் செய்யப்பட்டன. சாக்சனியின் மார்க்நாய்கிர்ஷன் வட்டாரமும் நார்மண்டியின் லா கூட்யூர் பூசேயும் ஊதுகருவிகளைப் பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பிய ஊர்கள். 19-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் அமெரிக்காவின் அஞ்சல்வழி வணிக நிறுவனங்கள் அச்சிட்ட விலைப்பட்டியல்களில், ஒரு விசைக் குழல் மிக மலிவான சரக்காக முதலில் நிற்க, நான்கு, ஆறு, எட்டு என விசைகள் கூடக்கூட விலையும் ஏறிச் சென்றது. போஹ்ம் தம் உருளைக் குழலைக் கண்டு அரை நூற்றாண்டு கடந்த பிறகும், தொடக்க நிலை மாணவருக்கும் சிற்றூர் இசைக்குழுவுக்கும் போய்ச் சேர்ந்தவை பெரும்பாலும் அந்த மலிவுக் குழல்களே. வாய்ப்பாட்டின் அபத்தம் அயர்லாந்தில் இன்னும் வெளிப்படை: அங்கே நாட்டுப்புற இசைக்கென விசையே இல்லாத மரக்குழல்கள் இன்றும் புதிதாகக் கடையப்படுகின்றன. சென்ற ஆண்டு பட்டறையிலிருந்து வெளிவந்த அந்தக் குழல், விசைக் கணக்கின்படி க்வான்ட்ஸின் குழலுக்கும் மூத்ததாகிவிடும்!

விசைக் கணக்கு பொய்க்கும்போது பலரும் குழலில் பொறித்த பெயரைப் பற்றிக்கொள்கிறார்கள். அதுவும் நம்பகமான துணையன்று. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டனில் புகழோடு விளங்கிய சார்ல்ஸ் நிக்கல்சன், பெரிய துளைகளும் அதற்கேற்ற பெருங்குரலும் கொண்ட குழலை வாசித்தார். 1831-இல் அவர் வாசிப்பைக் கேட்ட வியப்பே போஹ்மைப் புதிய குழல் செய்யத் தூண்டியது. நிக்கல்சனின் பெயர் பொறித்த குழல்களைக் க்ளெமென்டி நிறுவனம் விற்றது; செய்தவரோ தாமஸ் ப்ரௌஸ் என்ற கைவினைஞர். ஆக, ஒரே குழலில் வாசித்தவர், விற்றவர், செய்தவர் ஆகிய மூவரின் பெயர்களும் போட்டியிடுகின்றன. அவற்றுள் கடைசிப் பெயரே பெரும்பாலும் கண்ணில் படாமல் போகிறது. ஹானோவர் நகரத்தில் வாழ்ந்த மேயர் என்ற குழல் கைவினைஞரின் பெயருக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அவர் செய்த குழல்களின் புகழால் ‘மேயர் முறை’ என்பது ஒரு வகைப் பெயராகவே மாறி, அவருக்குச் சிறிதும் தொடர்பில்லாத பட்டறைகளின் சரக்கிலும் விலைப்பட்டியலிலும் ஏறிவிட்டது. இந்தப் பெயர்களைக் கண்டவுடன் மேதையின் கைவண்ணம் கிடைத்துவிட்டதாக மகிழ்வோர், கடைப்பலகையைக் கையொப்பம் என்று கொள்கிறார்கள்.

காலத்தை உண்மையாகச் சொல்லும் சான்றுகள் இவற்றைவிடச் சிறியவை, பொறுமையைக் கோருபவை. முதலாவது உலோகம். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ஜெர்மன் சில்வர், தமிழ்நாட்டு வீடுகளில் பாத்திரமாகவும் புழங்கியது. இதில் வெள்ளி துளியும் இல்லை. ஐரோப்பாவில் இந்தக் கலவை வணிக அளவில் தயாரானது 1820-களில்தான் என்பதால், ஜெர்மன் சில்வர் விசைகளோடு பிறந்த குழல் அதற்கு முற்பட்டதாக இருக்க முடியாது. ‘பிறந்த’ என்ற சொல் இங்கே முக்கியமானது. உடைந்த விசைக்குப் பதிலாகப் பின்னாளில் வேறொன்றைப் பொருத்தியிருக்கவும் கூடும். ஆங்கிலேய வெள்ளியில் அடிக்கப்படும் அரசு முத்திரையில் ஆண்டைக் குறிக்கும் எழுத்து உண்டு; அது தெளிவாக இருந்தால், அந்த வெள்ளித் துண்டின் ஆண்டைப் பற்றி விவாதமே எழாது.

இரண்டாவது சுருதி. பிரெஞ்சு அரசு 1859-இல் அடிப்படைச் சுரத்தை விநாடிக்கு 435 அதிர்வுகளாக வரையறுத்தபோது, ஆங்கிலேய இசைக்குழுக்கள் ஏறத்தாழ 452-இல் வாசித்தன. இன்று பரவலாகப் பின்பற்றப்படும் 440 பின்னர் வந்த உடன்பாடு. 18-ஆம் நூற்றாண்டுக் குழல்கள் பொதுவாக இவற்றைவிடத் தாழ்ந்த சுருதியில் ஒலிப்பவை. எனவே 450-ஐ ஒட்டி ஒலிக்கும் ஒரு விசைக் குழலை 1750-க்கு உரியதென்று கூறுவோர், அதற்கு வலுவான காரணம் காட்டக் கடமைப்பட்டவர்கள். பழைய அமெரிக்கக் கருவிகளில் காணப்படும் எச்.பி., எல்.பி. என்ற பொறிப்புகள் உயர் சுருதி, தாழ் சுருதி என்பவற்றின் சுருக்கங்களேயன்றிச் செய்தவரின் முதலெழுத்துகள் அல்ல.

விசை பொருத்தப்பட்ட விதமும் துணை செய்யும். ஆனால் அங்கும் ஒரு பொறி உண்டு. மரத்திலேயே விட்ட புடைப்பில் விசையைச் செருகுவது முந்தைய முறை, உலோகத் தூண்களில் நிறுத்துவது பிந்தைய முறை என்பர். பாரிஸ் நகரத்துக் கடிகாரக் கைவினைஞர் க்ளோட் லோரன் 1806-இல் காப்புரிமை பெற்ற கண்ணாடிக் குழல்களில் புடைப்பு விட வழியில்லாததால் அப்போதே தூண்களை நிறுத்திவிட்டார். தனிச் சான்று எதுவும் தானே தீர்ப்பாகாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது. கிளாரினெட்டிலும் இதே கதைதான்: போஹ்ம் கருத்தைத் தழுவிய புதிய கிளாரினெட் பாரிசில் 1840-களிலேயே வந்துவிட்டபோதிலும், விசை குறைந்த ஆல்பர்ட் முறைக் கருவிகளை நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் கலைஞர்கள் 20-ஆம் நூற்றாண்டிலும் விரும்பி வாசித்தார்கள்.

எளிய வாய்ப்பாடு இத்தனை சான்றுகளுக்கு எதிரில் நிலைத்திருப்பதற்குக் காரணம், அது கற்க எளிது என்பது மட்டுமன்று. விற்பவருக்கு ஆதாயமாகவும் இருக்கிறது. ஒரு விசையிலிருந்து பல விசைக்கு ஏறும் படிக்கட்டாகக் குழல்களை அடுக்கிக் காட்டும் கண்ணாடிப் பேழைகளுக்கும் இதில் பங்குண்டு. அறிஞர்கள் நெடுங்காலமாக வேறு வழியில் உழைத்து வந்திருக்கிறார்கள்: லூயி லோ போன்ற குழல் கைவினைஞர்களின் பட்டறைப் பதிவேடுகள் வரிசை எண்களுக்கு ஆண்டு தருகின்றன, லிண்ட்சே லேங்வில் 1960-இல் வெளியிட்டு, வில்லியம் வாட்டர்ஹவுஸ் 1993-இல் விரித்தெழுதிய அகராதி, ஊதுகருவி செய்தோரைப் பெயர்வாரியாகத் தொகுத்துத் தருகிறது. டேட்டன் மில்லர் என்ற இயற்பியலாளர் சேர்த்த ஏறத்தாழ 1,700 குழல்கள் வாஷிங்டனில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கக் காத்திருக்கின்றன.

இன்னொரு சிறு சான்றும் உண்டு: அயல்நாட்டுச் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரைப் பொறிக்க வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் இயற்றிய சட்டம் 1891-இல் நடைமுறைக்கு வந்தது. ‘ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் பொறித்த ஒரு விசைக் குழல், அதன் மரம் எவ்வளவு மஞ்சளாக முதிர்ந்திருந்தாலும், பெரும்பாலும் அந்தச் சட்டத்துக்குப் பின் செய்யப்பட்டதே. அதை மொசார்ட் காலத்துக் குழல் என்று விற்பது ஏமாற்று.